குளிர்ப்பொறி கண்ட ஜோன்ஸ்

மக்கள் உண்ணும் பொருள்களுள் நெல், கோதுமை முதலியன நெடுநாள் கெடாமல் இருக்கும். பால், மீன், இறைச்சி, கனி, கீரை ஆகியவை அவ்வாறு நில்லா. விளைந்த இடத்தில் அவை மிகுந்து அழுகிக் கிடக்க, தொலைவிலுள்ள ஊரார் அவற்றைக் கண்ணாற் காணவும் இயலாத நிலை பன்னெடுங்காலம் இருந்தது. அந்நிலையை மாற்றிய பெருமை அறிஞர் பலரைச் சாரும். அவர்களுள், சாலையில் ஓடும் சரக்கு லாரியின் உள்ளேயே குளிர்மையை நிலைபெறச் செய்தவர் பிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்பவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஆறாம் வகுப்போடு பள்ளியை விடுத்து, நிறங் காரணமாகத் தாழ்த்தப்பட்ட இனத்திற் பிறந்து, கைத்திறனையும் நூலறிவையும் துணையாகக் கொண்டே உயர்ந்தவர் அவர்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டில் ஒகையோ என்னும் பேராறு ஓடுகின்றது. அதன் வடகரையில் சின்சினாட்டி நகரும், தென்கரையில் கவிங்டன் நகரும் அமைந்துள்ளன. இந்நகரங்களைச் சார்ந்த பகுதியில் 1893 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள் ஜோன்ஸ் பிறந்தார். அவருடைய அன்னையார் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். தந்தையார் இரயில்வேயில் உழைத்த வெள்ளை இனத்தவர். அன்னையின் அரவணைப்பு அக்குழந்தைக்கு நெடுநாள் கிட்டவில்லை. தனியராய் நின்ற தந்தையார், மகனை வளர்க்க வழியறியாது, அவனுக்கு ஏழு வயது நிரம்பியபொழுது கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரிடம் ஒப்படைத்தார். சில ஆண்டுகளில் தந்தையாரும் மறைந்தார்.

பாதிரியாரின் இல்லத்தில் சிறுவன் தரை கழுவினான், சமையலுக்கு உதவினான், தோட்ட வேலை செய்தான். அவ்வேலைகளுக்கு இடையே பள்ளிக்கும் சென்று வந்தான். ஆயினும், அவனுடைய நெஞ்சம் பொறிகளையே நாடியது. எந்தப் பொறியைக் கண்டாலும் அதன் உள்ளே இருப்பது யாது, அஃது எவ்வாறு இயங்குகின்றது என்று அறிந்தாலன்றி அவன் அமைதி கொள்வதில்லை. அந்நாளில் மோட்டார் வண்டி புதிதாகத் தோன்றியிருந்தது. அதனைப் பழுது பார்க்கும் தொழிலே தனக்கு ஏற்றது எனத் துணிந்த அவன், பதினோராம் வயதளவில் பாதிரியாரின் இல்லத்தை விட்டு நீங்கினான்.

பட்டறையே பள்ளி

சின்சினாட்டி நகரில் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில், தரை பெருக்கும் பணியாளாக அவன் அமர்ந்தான். பெருக்கும் நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் தொழிலாளரின் கைகளையே நோக்கி நின்றான். அவர்கள் கழற்றிய உறுப்புகளைத் துடைத்து வரிசையாக வைத்தான். எந்த உறுப்பு எதனோடு பொருந்தும் என்பதை மனத்திற் பதித்துக்கொண்டான். இரவில் பொறிகளைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தான். பதினான்கு வயதளவில் அவனே மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்கும் தொழிலாளன் ஆனான். சில ஆண்டுகளில் பட்டறையை மேற்பார்க்கும் பொறுப்பும் அவனிடம் வந்தது.

பள்ளியிற் பெறாத கல்வியை ஜோன்ஸ் இவ்வாறு பட்டறையிற் பெற்றார். ஆயினும், கை பழகினாற் போதும், நூல் வேண்டா என்று அவர் ஒருநாளும் எண்ணினாரில்லை. கண்டதை நூலோடு ஒப்பிட்டும், நூலிற் படித்ததைக் கையாற் செய்து பார்த்தும் அறிவை வளர்ப்பது அவர் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த வழக்கமாகும்.

ஆலக்கில் வாழ்வு

1912 ஆம் ஆண்டில் ஜோன்ஸ் வடக்கே மின்னசோட்டா மாநிலத்தை அடைந்தார். கனடா நாட்டின் எல்லைக்கு அணித்தாக உள்ள ஆலக் என்னும் சிற்றூரை ஒட்டி மிகப் பெரிய பண்ணை ஒன்று இருந்தது. அப்பண்ணையின் உழுபொறிகளையும் அறுவடைப் பொறிகளையும் செப்பனிடும் பணி அவருக்குக் கிடைத்தது. அவ்வூரில் கறுப்பினத்தவர் மிகச் சிலரே. எனினும் அவருடைய திறமையையும் இனிய இயல்பையும் கண்ட ஊரார் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்டனர்.

முதல் உலகப் போர் மூண்டது. ஜோன்ஸ் படையிற் சேர்ந்து பிரான்சு நாட்டிற்குச் சென்றார். அங்கே மின்கம்பிகளை அமைத்தும், தொலைபேசிக் கருவிகளையும் பொறிகளையும் செப்பனிட்டும் பணியாற்றி, சார்ஜண்டு என்னும் பதவியைப் பெற்றார். அக்காலத்து அமெரிக்கப் படையில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் வேறு வேறு அணிகளாகவே பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். அப்பிரிவினையை நீக்குமாறு ஆணை பிறந்தது 1948 ஆம் ஆண்டில்தான்.

போர் முடிந்ததும் ஆலக்கிற்கே திரும்பிய ஜோன்ஸ், வானொலி நுட்பத்தைத் தாமே பயின்றார். ஊரில் அமைந்த வானொலி நிலையத்திற்கு ஒலிபரப்புக் கருவியைத் தம் கையாலேயே செய்து கொடுத்தார். அந்நாளில் பேசாத படங்கள் மறைந்து பேசும் படங்கள் தோன்றலாயின. பேசும் படத்திற்குரிய கருவிகளை வாங்கும் ஆற்றல் சிற்றூர்க் கொட்டகைக்கு இல்லை. ஜோன்ஸ் பழைய பொறிகளின் உறுப்புகளைத் தேடி எடுத்து, படமும் ஒலியும் பிசகாமல் ஒருங்கே இயங்குமாறு ஒரு கருவியை அமைத்துத் தந்தார்.

இச்செய்தி மின்னியாபொலிசு நகரில் வாழ்ந்த சோசப்பு நுமெரோ என்பவருக்கு எட்டியது. அவர் திரைப்படக் கொட்டகைகளுக்கு ஒலிக் கருவிகள் செய்து விற்கும் நிறுவனத்தை நடத்தி வந்தார். 1930 ஆம் ஆண்டை ஒட்டி அவருடைய நிறுவனத்தில் ஜோன்ஸ் பணியேற்றார். பட்டம் பெற்ற பொறியாளர்கள் நிறைந்த அவ்விடத்தில் ஆறாம் வகுப்புப் படித்தவர் அவர் ஒருவரே. எனினும், கருவியிற் காணும் குறையை நீக்கும் வகை அறியாது பிறர் திகைத்தபொழுதெல்லாம் அவரை நாடலாயினர். கொட்டகைகளில் நுழைவுச் சீட்டைத் தானே வெளியிடும் பொறி ஒன்றையும் அவர் கண்டார். அதற்கு 1939 ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது.

உருகிய பனிக்கட்டி

1938 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஒன்று ஜோன்சின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது. நுமெரோவுக்கு அறிமுகமான வணிகர் ஒருவர் சரக்கு லாரிகளை நடத்தி வந்தார். கோழி இறைச்சி ஏற்றிச் சென்ற அவருடைய லாரியில், வழியிலேயே பனிக்கட்டி உருகிவிட்டது. சரக்கு முழுவதும் கெட்டது. அவர் தம் இழப்பைக் கூறி வருந்தியபொழுது, லாரியைக் குளிரச் செய்யும் பொறியைத் தாமே செய்து தருவதாக நுமெரோ கூறினார். அது பாதி விளையாட்டாகக் கூறியதே. ஆனால், வணிகர் அதனை மெய்யெனக் கொண்டு லாரி ஒன்றை அனுப்பிவிட்டார். ஜோன்ஸ் அதனுள் ஏறினார், அளந்தார், கணக்கிட்டார், இது செய்யத்தக்கதே என்று முடிவு செய்தார்.

அப்பணி எளியதன்று. அந்நாளில் லாரியிற் குளிர்மை வேண்டுமெனில் பனிக்கட்டியையும் உப்பையும் ஏற்றுவர். பனிக்கட்டியின் எடையால் சரக்கின் அளவு குறையும். உருகிய நீர் சரக்கை நனைக்கும். இரயில் பாதையிற் பனிக்கட்டி நிரப்பும் நிலையங்கள் ஆங்காங்கே உண்டு. சாலையில் அவ்வசதி அரிது. வண்டி பழுதுற்று வெயிலில் நின்றுவிட்டாலோ சரக்கின் கதி அதோகதியே.

பனிக்கட்டிக்கு மாறாகக் குளிர்ப்பொறியை வைக்கலாமே எனின், அதற்கும் தடைகள் மூன்று இருந்தன. முதலாவது, பொறி பெரிதாயின் சரக்குக்கு இடமிராது. இரண்டாவது, சாலையின் குலுக்கத்தால் குழாய்களும் இணைப்புகளும் விரிசலுற்று உள்ளிருக்கும் வாயு கசிந்துவிடும். மூன்றாவது, வண்டியின் இயந்திரத்தாலேயே குளிர்ப்பொறியையும் ஓட்டினால், வண்டி நின்றவுடன் குளிர்மையும் நின்றுவிடும். அன்றேல், நிற்கும் வண்டியின் பெரிய இயந்திரத்தை வீணே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பொறியின் அமைப்பு

குளிர்ப்பொறி என்பது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் விடும் கருவியாகும். உடலில் வழியும் வியர்வை ஆவியாகும்பொழுது உடல் குளிர்வதை யாவரும் அறிவர். நீர்மம் ஆவியாகும்பொழுது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உட்கொள்ளுகின்றது என்பதே அதற்குக் காரணம். எளிதில் ஆவியாகும் நீர்மம் ஒன்று அறையின் உள்ளேயுள்ள குழாயில் ஆவியாகி, அங்குள்ள வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அமுக்கி என்னும் உறுப்பு அவ்வாவியை நெருக்கி அழுத்தி வெளிப்புறக் குழாய்க்குச் செலுத்தும். அங்கே அது வெப்பத்தைக் காற்றில் விட்டு மீண்டும் நீர்மமாகும். அந்நீர்மம் ஒடுங்கிய வழியே உட்குழாயை அடைந்து திரும்பவும் ஆவியாகும். இச்சுழற்சி இடையறாது நிகழ, உள்ளறை குளிர்ந்துகொண்டே இருக்கும்.

இந்நெறி அதற்கு முன்பே அறிஞர் கண்டதுதான். அதனை ஓடும் வண்டிக்குப் பொருந்தச் செய்ததே ஜோன்சின் சாதனை. அவர் குளிர்ப்பொறிக்கென்றே தனியாகச் சிறிய பெட்ரோல் இயந்திரம் ஒன்றை இணைத்தார். வண்டியின் இயந்திரம் ஓய்ந்திருந்தாலும் குளிர்ப்பொறி தன் வேலையைச் செய்தது. அறையின் வெப்பம் குறித்த அளவை மீறினால் பொறி தானே இயங்கவும், போதிய குளிர்மை வந்ததும் தானே ஓயவும் கருவி அமைத்தார். உறுப்புகளின் எடையைக் குறைத்து, குலுக்கத்தைத் தாங்குமாறு அவற்றைப் பிணைத்தார்.

முதலிற் செய்த பொறி வண்டியின் அடியில் பொருத்தப்பட்டது. சாலையின் சேறும் புழுதியும் அங்கே சென்று படிந்து தொல்லை விளைத்தன. ஜோன்ஸ் தளரவில்லை. பொறியை மேலும் சிறிதாக்கி, வண்டிப் பெட்டியின் முன்புற மேற்பகுதியில் அமைத்தார். அங்கே அது புழுதிக்கும் எட்டாது, சரக்கின் இடத்தையும் கவராது நின்றது. இன்றும் நெடுஞ்சாலையிற் செல்லும் குளிர்லாரிகளின் முன்புறத்தில் அப்பொறியின் வழிவந்த பெட்டியைக் காணலாம்.

நுமெரோ தம் திரைப்படக் கருவித் தொழிலை விற்றுவிட்டு, ஜோன்சோடு கூடிக் குளிர்ப்பொறிகள் செய்யும் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் தெர்மோ கிங் எனப் பெயர் பெற்றது. 1949 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் மதிப்பு முப்பது இலட்சம் டாலராக உயர்ந்தது.

போர்க்களத்தில் உயிர் காத்தமை

இரண்டாம் உலகப் போரின்போது இப்பொறியின் அருமை உலகிற்குப் புலனாயிற்று. களத்திற் குருதி சொரிந்து வீழ்ந்த வீரனுக்கு வேறொருவர் ஈந்த குருதியைச் செலுத்தினால் அவன் பிழைப்பான். அக்குருதியும் மருந்துகளும் வெப்பத்தில் கெட்டுவிடும். ஜோன்ஸ் அமைத்த குளிர்ப்பொறிகள் குருதி, மருந்து, உணவு ஆகியவற்றைக் கெடாமல் காத்துப் போர்க்கள மருத்துவமனைகளில் உதவின.

இங்கே எண்ணி வருந்தத்தக்கது ஒன்று உண்டு. அந்நாளில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், கறுப்பினத்தவர் ஈந்த குருதியையும் வெள்ளையர் ஈந்த குருதியையும் தனித்தனியே குறியிட்டுப் பிரித்து வைத்தது. குருதியில் நிறவேற்றுமை இல்லை என்பதை அறிவியல் அறிந்திருந்தும், 1950 ஆம் ஆண்டு வரையில் அவ்வழக்கம் நீடித்தது. கறுப்பினத்தவர் ஒருவரின் அறிவிற் பிறந்த பொறியோ, தன்னிடம் வந்த பொருள் எவருடையது, எவருக்குச் செல்வது என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரு தன்மையாகவே காத்தது.

அறிஞர் போற்றிய அறிஞர்

1944 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குளிர்ப்பதனப் பொறியாளர் சங்கம் ஜோன்சைத் தன் உறுப்பினராக ஏற்றது. அச்சங்கத்தில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. பின்னர் நாட்டின் பாதுகாப்புத் துறையும் அவருடைய அறிவுரையை நாடிற்று. 1949 ஆம் ஆண்டு சூலை 12 ஆம் நாள், குளிர்பதனக் கருவிக்கும், அதன் இயந்திரத்தைக் கிளப்பவும் மின்சாரத்தை உண்டாக்கவும் வல்ல இரட்டைப் பணிக் கருவிக்கும் அவருக்குக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. தம் வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் அறுபதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ நாற்பது குளிர்ப்பதனத் துறையைச் சார்ந்தவை.

அவருடைய பொறியால் மக்களின் உணவு முறையும் மாறியது. ஒரு பருவத்தில் மட்டும் கிடைத்த கனியும் காயும் ஆண்டு முழுவதும் கிடைக்கலாயின. கடலைக் கண்டறியாத ஊர்களுக்கும் புதிய மீன் சென்றது. உழவரின் விளைபொருள் அழுகி வீணாவது குறைந்தது.

1961 ஆம் ஆண்டு பிப்ரவரி 21 ஆம் நாள் மின்னியாபொலிசு நகரில் ஜோன்ஸ் இயற்கை எய்தினார். பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அவருடைய நாட்டில் 1964 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அதனைக் காண அவர் இருந்தாரில்லை. 1991 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, அவருக்கும் நுமெரோவுக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை வழங்கியது. அப்பதக்கத்திற்குரியவரான முதற் கறுப்பினத்தவர் ஜோன்சே ஆவர்.

ஓட்டுநருக்கும் உதவிய நெறி

சரக்கைக் காக்க ஜோன்ஸ் கண்ட நெறி, பிற்காலத்தில் அச்சரக்கைக் கொண்டு செல்லும் ஓட்டுநரையும் காக்க உதவியது. அமெரிக்காவில் நெடுந்தொலைவு செல்லும் பெரிய லாரிகளின் ஓட்டுநர் தம் இருக்கையின் பின்னேயுள்ள சிற்றறையிலேயே உறங்குவர். பதினொரு மணி நேரம் வண்டி ஓட்டியவர் மீண்டும் ஓட்டுமுன் தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வு கொள்ளவேண்டும் என்பது அந்நாட்டு விதி. கோடையில் மூடிய சிற்றறை அடுப்பெனக் கொதிக்கும். குளிர்சாதனம் இன்றி உறங்குதல் இயலாது. உறங்காதவர் மறுநாள் வண்டி ஓட்டின் அவருக்கும் பிறர்க்கும் இடர் நேரும்.

இதன் பொருட்டு ஓட்டுநர் பலர் இரவு முழுவதும் வண்டியின் பெரிய இயந்திரத்தை நின்ற நிலையிலேயே ஓடவிட்டனர். அவ்வாறு ஓடும் இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் டீசலை எரிக்கும். ஓர் இரவில் முப்பது லிட்டர் எண்ணெய், வண்டி ஓரடியும் நகராமலே புகையாகிவிடும். சிற்றறை ஒன்றைக் குளிர்விக்கப் பல நூறு குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தை ஓட்டுவது, எறும்பை நசுக்க யானையைக் கொணர்வது போன்றதாகும். எண்ணெய் வீணாவதோடு, புகையால் காற்றும் மாசுறும்; இயந்திரமும் தேயும். கலிபோர்னியா மாநிலம் 2008 ஆம் ஆண்டு முதல், படுக்கையறை உடைய லாரிகளும் ஐந்து மணித்துளிக்கு மேல் இவ்வாறு வீணே ஓடுதல் கூடாது என விதித்தது.

இக்குறையை நீக்கிய வழிகளுள் ஒன்று ஜோன்சின் நெறியையே பின்பற்றியதாகும். சிறிய பணிக்குச் சிறிய இயந்திரம் என்பதே அந்நெறி. வண்டியின் பக்கவாட்டில் அமைத்த சிறு டீசல் இயந்திரம், பெரிய இயந்திரம் உண்ணும் எண்ணெயில் ஒரு பகுதியை மட்டும் கொண்டு சிற்றறையைக் குளிர்விக்கின்றது. மற்றொரு வகையில், பகலில் வண்டி ஓடும்பொழுது மின்கலங்கள் மின்னாற்றலைச் சேமித்துக்கொள்ளுகின்றன. இரவில் அவ்வாற்றலே அமுக்கியை இயக்குகின்றது. கூரைமேல் பரப்பிய கதிரொளித் தகடுகள் அம்மின்கலங்களுக்குத் துணைபுரிகின்றன. லாரிகள் தங்கும் இடங்கள் சிலவற்றில், வீட்டிற் போலவே மின்கம்பியைச் செருகிக்கொள்ளவும் வசதி உண்டு. ஜோன்ஸ் தொடங்கிய நிறுவனமே ஓட்டுநர் அறைக்குரிய இத்தகைய துணைப்பொறிகளையும் செய்து வருகின்றது.

முடிவுரை

ஜோன்சின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவன பல. பள்ளியை விட்டபின்னும் அவர் கல்வியை விட்டாரில்லை. பிறர் விளையாட்டாகக் கூறியதையும் கருத்தூன்றி ஆராய்ந்தார். முதற் பொறியிற் குறை கண்டபொழுது அதனை மறைக்காமல் மாற்றி அமைத்தார். தம்மை இகழ்ந்த உலகிற்கும் பயன்படும் பணியையே செய்தார். பழுத்த கனி கெடாமல் ஊர் வந்து சேரும்போதும், களைத்த ஓட்டுநர் புகையின்றிக் குளிர்ந்த அறையில் கண்ணயரும்போதும், பட்டறையில் தரை பெருக்கிய அச்சிறுவனின் உழைப்பு அங்கே பயன் தந்துகொண்டிருக்கின்றது.